கையெழுத்து ஜனவரியில், மாற்றல் மார்ச்சில்

தில்லித் தமிழர்களுக்கு மாற்றல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். நேதாஜி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில், ஏப்ரல், மே வந்துவிட்டால் எந்த மாடியிலாவது ஒரு குடும்பம் சாமான் கட்டிக்கொண்டிருக்கும். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு வருஷம் ஹைதராபாத் போனாள், அடுத்த வருஷம் வந்தவள் நாக்பூர் போனாள். ஆனால் மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர் மட்டும் எங்கேயும் போகவில்லை. பென்ஷன், பிராவிடண்ட் ஃபண்ட் ஒன்றும் இல்லாத மனிதர். புதிதாக வந்த குடும்பங்கள் அவரிடம்தான் போய், பால் பூத் எங்கே, நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கும்.

ஜப்பானில் நான்கு வருஷம் நான் அந்த இஸ்திரிக்காரர் ஸ்தானத்தில் இருந்தேன்.

போன மாதம் மலை மந்திர் படியில் ஒரு மாமி என்னை நிறுத்தி, "ஏம்மா, நீ ஜப்பான்ல டீச்சராத்தானே இருந்தே? எங்க பொண்ணும் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நல்ல வேலையா?" என்று கேட்டார். பிரசாதம் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியா அது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏ.எல்.டி. என்று அங்கே சின்னக் குழந்தையும் சொல்லும். மொழித் துணை ஆசிரியர் என்று அர்த்தம். 1987-இல் ஜப்பான் அரசாங்கம் 'ஜெட்' என்ற திட்டத்தை ஆரம்பித்து, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என நாலு நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்தது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அது தவிர, ஊர்க் கல்விக் குழுவே நேராக எடுத்துக்கொள்பவர்களும், ஆள் அனுப்பும் கம்பெனி மூலம் வருபவர்களும் உண்டு. நான் நேராக எடுக்கப்பட்டவள். என் கணவரின் கம்பெனி அவரை அங்கே அனுப்பியபோது கூடவே போனேன். குடும்ப விசாவில் இருப்பவர்கள் தனியாக அனுமதி வாங்கி வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். சைதாமா மாகாணத்தில் எங்கள் ஊருக்கு (பெயர் வேண்டாமே) அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. 2018 ஏப்ரலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தேன்.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2017 அக்டோபரில், தில்லி சட்டமன்றம் சுமார் 15,000 கெஸ்ட் டீச்சர்களை நிரந்தரமாக்க ஒரு மசோதா நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்து, "பாவம், வருஷா வருஷம் எப்படித்தான் இந்த நிச்சயமில்லாத பிழைப்போ" என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பகவான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜப்பானியப் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய அறை. மேஜைகளை முகத்துக்கு முகம் பார்க்கும்படி ஒட்டிப் போட்டு, ஒவ்வொரு வகுப்பு ஆசிரியர்களும் ஒரு தீவு மாதிரி உட்காருவார்கள். உப தலைமை ஆசிரியர் எல்லோரையும் பார்த்தபடி முன்னால் இருப்பார். என் மேஜை ஒரு தீவின் கடைசியில், காகிதம் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில். வந்த முதல் நாளே எனக்குப் புரிந்த விஷயம், என் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பக்கத்து நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதுதான் முக்கியம். ஏ.எல்.டி.க்கு ஆசிரியர் உரிமம் கிடையாது. வகுப்பின் பொறுப்பு உரிமம் உள்ள ஆசிரியருடையது. அவர் சேர்த்துக்கொண்டால் நான் ஆசிரியை. இல்லாவிட்டால் டேப் ரெக்கார்டர்.

முதல் இரண்டு வருஷம் எனக்குக் கிடைத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு ஆசிரியை. வெள்ளிக்கிழமை மாலையில் அடுத்த வாரப் பாடத்தை இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொள்வோம். என் உச்சரிப்பு அமெரிக்கக்காரர்கள் மாதிரி இல்லையே என்று நான் கூச்சப்பட்டபோது, பிள்ளைகளிடமே அதைச் சொல்லச் சொன்னார். உலகத்தில் இங்கிலீஷ் பேசுகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர்கள் என்று கரும்பலகையில் எழுத வைத்தார். ஒரு நாள் தமிழ் எழுத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். 'ழ' யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மத்தியானச் சாப்பாட்டில் சூப்பிலிருந்து கீரை வரைக்கும் மீன் கலந்திருக்கும் என்பதால் நான் தயிர் சாதம் கொண்டுபோவேன். அதற்கும் அவர்தான் உப தலைமை ஆசிரியரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். அங்கே பள்ளி வருஷம் ஏப்ரல் 1-இல் ஆரம்பித்து மார்ச் 31-இல் முடியும். ஆசிரியர்களை நியமிப்பது மாகாணம். சில வருஷங்களுக்கு ஒரு முறை பள்ளி மாற்றிவிடுவார்கள். அந்தப் பட்டியல் மார்ச் கடைசியில்தான் வெளியாகும். மாகாணப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக, எந்த ஆசிரியர் எந்தப் பள்ளிக்கு என்று நம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் மாதிரி போடுவார்கள். ஏ.எல்.டி.யை எடுப்பதோ ஊர்க் கல்விக் குழு. எங்கள் ஊரில் அடுத்த வருஷமும் இருக்கப்போகிறாயா என்று படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது ஜனவரியில். பக்கத்து நாற்காலிக்கு யார் வரப்போகிறார் என்பது தெரியாமலே நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

2020 மார்ச்சில் அந்த ஆசிரியையின் பெயர் பட்டியலில் வந்தது. மார்ச் 2-ஆம் தேதியிலிருந்து கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வழியனுப்பு விருந்து கிடையாது. முகமூடிக்குப் பின்னால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் பாதிதான் கேட்டது.

அந்த ஏப்ரலில் எல்லாமே ஒரேயடியாக மாறியது. திருத்தப்பட்ட உள்ளூர் அரசு ஊழியர் சட்டம் அமலுக்கு வந்து, என்னைப் போன்றவர்கள் 'நிதியாண்டு நியமன ஊழியர்' ஆனோம். போனஸ் உண்டு என்றார்கள். உண்மைதான், கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கொடுத்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பழைய கணக்குதான். நியமனம் மார்ச் 31-உடன் முடியும், மறு நியமனம் ஆனால் அதுவும் புது நியமனம், ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் சோதனைக் காலம். இரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு மறுபடி சோதனை!

அதே ஏப்ரலில் ஆரம்பப் பள்ளியில் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் முறையான பாடமாயிற்று, வருஷத்துக்கு 70 பாடவேளை. மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு விளையாட்டும் பாட்டுமாக 35. அதனால் என்னை வாரத்தில் மூன்று நாள் இரண்டு ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். நடுநிலைப் பள்ளியில் மிச்சம் இரண்டு நாளும், புதிதாக வந்த ஒரு இளைஞருக்குப் பக்கத்தில். பாவம், கல்லூரியை முடித்த கையோடு வந்தவர். வகுப்புப் பொறுப்பு, பேஸ்பால் குழு எல்லாம் அவர் தலையில். பாடம் ஆரம்பிக்க இரண்டு நிமிஷம் முன்பு, "இந்தப் பத்தியைப் படியுங்கள்" என்பார். படித்துவிட்டு ஜன்னலோரம் நிற்பேன்.

ஆரம்பப் பள்ளியில் நேர் எதிர். அங்கே வகுப்பு ஆசிரியர்கள் எல்லாப் பாடமும் எடுப்பவர்கள். இங்கிலீஷ் என்றால் பலருக்குப் பயம். பொறுப்பு அவர்களுடையது என்று விதி இருந்தாலும், மணியடித்ததும் அவர்கள் பின்னால் போய் நிற்பார்கள், நான் முன்னால் நிற்பேன். பாடம் என்றால் மதிப்பீடும் வேண்டுமே. பேச்சுச் சோதனைக்கு ஒரு தாளைக் கொடுத்து, "சும்மா உங்கள் அபிப்பிராயம்தான், இரட்டை வட்டம், வட்டம், முக்கோணம், ஏதாவது ஒன்று போடுங்கள்" என்றார்கள். முக்கோணம் என்றால் இன்னும் முயற்சி தேவை.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். வகுப்பின் முன்னால் வந்து நின்றால் குரலே வராது. முகமூடி வேறு. நான் முக்கோணம் போட்டேன். 'அபிப்பிராயம்' என்று கேட்டதால்தான் போட்டேன். அது அப்படியே மதிப்பெண் அட்டையில் ஏறியிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து அந்தப் பையன் நோட்டைத் திருத்தும்போது, தன் நாயைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்தேன். எழுத்துப் பிழை நாலைந்துதான். வகுப்பு ஆசிரியரிடம் ஓடினேன். அட்டை வீட்டுக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. "நீங்கள் போட்டதுதானே?" என்று மட்டும் கேட்டார்.

அதிகாரம் இல்லாத பொறுப்பு என்று நம் அப்பாக்கள் ஆபீஸைப் பற்றிப் புலம்புவார்களே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

2021 ஜனவரியில் படிவம் வந்தது. என் கணவர், "போதும், வீட்டில் இரு" என்றார். ஐந்து நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். சம்பளத்துக்காக என்றால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் அந்தப் பையன் ஏப்ரலில் நடுநிலைப் பள்ளிக்கு வருவான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள், என்னைத் தவிர. சரி என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தபோது உப தலைமை ஆசிரியர் உள்பட ஒரு பெரிய கூட்டமே மாறியிருந்தது. இளைஞர் மட்டும் இருந்தார்.

ஏப்ரல் முதல் வாரம் புதியவர்கள் ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்தார்கள். பெரிய காகிதம் எங்கே இருக்கிறது, அச்சு மெஷின் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, எந்த ஜன்னல் மூடாது, எல்லாம் என்னிடம். என் மேஜை கதவோரமாக இருந்ததும் ஒரு காரணம். மூன்றாம் நாள் இளைஞர் முதல் வகுப்புப் பெயர்ப் பட்டியலோடு வந்து, "இந்தப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். முக்கோணக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பேச்சுச் சோதனையை வகுப்பில் வைக்காமல் நடைவழியில் ஒவ்வொருவராக வைக்கலாமா என்று கேட்டார்.

வைத்தோம். அந்தப் பையன் தன் நாயைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னான். ஐந்தாவது வரவில்லை. என் தாளில் எதுவும் எழுதாமல், அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் போட்டார்.

2022 மார்ச்சில் என் கணவரின் வேலை முடிந்து கிளம்பினோம். அந்த வருஷப் பத்திரிகையை ஞாபகார்த்தமாக வாங்கிவந்தேன். அதில் என் பெயர் இல்லை, துணை ஆசிரியர்கள் பெயரைப் போடுவதில்லை.

மாமிக்குச் சொல்ல வேண்டியது: நல்ல வேலைதான், அனுப்புங்கள். ஆனால் பெண்ணை ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை பள்ளி, மதிப்பெண் யார் பொறுப்பு, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா. தயிர் சாதத்துக்கு அனுமதி பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நான் இப்போது தில்லியில் ஒரு தனியார் பள்ளியில் வாரம் இரண்டு நாள் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். இங்கேயும் ஒப்பந்தம் மார்ச் 31 வரைதான். அடுத்த வருஷத்துக்கான தாள் நேற்று வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.