மிளகாய் தூவிய மிட்டாய்

நமது கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாழும் தம் மகளைக் கண்டு திரும்பிய கையோடு, வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்திருந்தார். வந்தவர் ஒரு சிறு பொட்டலத்தை மேசைமேல் வைத்து, “எல்லோரும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். உள்ளே பழுப்பு நிறத்தில் சிறு சிறு பட்டைகள் இருந்தன. வாயிலிட்டதும் முதலில் உப்புக் கரித்தது, அடுத்துப் புளித்தது, பின் இனித்தது, விழுங்கிய பிறகு தொண்டையில் காரம் நின்றது. “இது மிட்டாயா, ஊறுகாயா சார்?” என்று கேட்டார் நமது காசாளர்.

அவர் சிரித்துவிட்டு, “என் பேத்திக்கு இது இல்லாமல் ஒரு நாள் போகாது. கொடுக்கலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பத்திரிகையில் எத்தனையோ எழுதுகிறீர்கள், இதைப் பற்றியும் எழுதுங்களேன்” என்றார். அந்த வேண்டுகோளே இக்கட்டுரைக்குக் காரணம். வெளிநாட்டில் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் உள்ள வாடிக்கையாளர்கள் நம்மிடையே பலர். அவர்கள் பெட்டியில் வந்திறங்கும் இந்த மெக்சிகோ தின்பண்டங்கள் யாவை, எங்கிருந்து வந்தன, எந்த அளவில் உண்ணத்தக்கவை என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எவை இந்தத் தின்பண்டங்கள்?

மெக்சிகோவின் தெருக்களில் பழவண்டி இல்லாத இடம் அரிது. மாம்பழம், தர்ப்பூசணி, அன்னாசி, வெள்ளரி, ஹிக்கமா என்னும் கிழங்கு ஆகியவற்றை நறுக்கிக் குவளையில் இட்டு, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். அந்நாட்டு மக்கள் குழந்தைப் பருவம் முதலே பழகிய சுவை இது. பழத்தோடும் மிளகாயோடும் தொடர்புடைய அந்நாட்டுப் பண்டங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை எனலாம்.

அவற்றுள் முதன்மையானது சமோய் என்னும் குழம்பு. ஆப்ரிகாட், பிளம், மாங்காய் போன்ற பழங்களை உப்பில் ஊறவைத்தால், உப்பு பழத்திலுள்ள நீரை வெளியே இழுக்கும். அவ்வாறு ஊறி உலர்ந்த பழத்துக்குச் சலாதித்தோ என்று பெயர். ஊறிய பழத்தையும் அதன் உப்புச்சாற்றையும் மிளகாய், சர்க்கரை ஆகியவற்றோடு சேர்த்துக் கெட்டியாக்கினால் சமோய் கிடைக்கும். அதைப் பழத்தின்மீது ஊற்றலாம். உறைபனிக் கூழில் கலக்கலாம். மாம்பழ உறைகூழும் சமோயும் மிளகாய்த்தூளும் அடுக்கடுக்காக இட்ட மாங்கோனாதா என்னும் குளிர்பண்டத்தில், புளிமிட்டாய் பூசிய உறிஞ்சுகுழலையும் செருகித் தருவது வழக்கம்.

இரண்டாவது வகை தூள். இதில் உலகெங்கும் அறியப்பட்ட பெயர் தஹீன். மிளகாய், கடலுப்பு, உலர்த்திய எலுமிச்சை ஆகியவற்றின் கலவை இது. மூன்றாவது வகை மிட்டாய்கள். புளியம்பழச் சதையைச் சர்க்கரை, உப்பு, மிளகாயோடு பிசைந்து பட்டையாக்கிய புல்பரிந்தோ, நமக்கு வந்த பொட்டலத்தில் இருந்தது. சிறு துளைகளின் வழியே தலைமுடிபோல் பிதுங்கி வரும் பெலோன் பெலோ ரிக்கோ குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளும் ஆகும். மிளகாய்த்தூள் பூசிய மாம்பழச்சுவைக் குச்சிமிட்டாய்களும் உண்டு.

கப்பலேறிய சுவைகள்

மெக்சிகோவுக்கே உரியது என்று நாம் கருதும் இம்மிட்டாயின் சேர்மானங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மிளகாய் ஒன்றே அம்மண்ணில் பிறந்தது. மாவின் தாயகம் நமது நாடும் அதை ஒட்டிய பகுதிகளும் ஆகும். எலுமிச்சையும் கரும்பும் ஆசியாவிலிருந்து சென்றவை. புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலார் கூறினும், அது பழங்காலத்திலேயே இந்தியாவில் வேரூன்றிவிட்டது. அரேபியர் அதனை ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று அழைத்தனர். ஸ்பானிய மொழியின் ‘தமரிந்தோ’ அப்பெயரிலிருந்து வந்ததே.

இவற்றுள் சில மெக்சிகோவை அடைந்த வழி வணிக வரலாற்றில் புகழ்பெற்றது. 1565-ஆம் ஆண்டு முதல் 1815-ஆம் ஆண்டு வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிகோவின் வெள்ளி நாணயம் ஆசியாவுக்கு வந்தது; சீனப்பட்டும் பீங்கானும் நறுமணப் பொருள்களும் அங்கே சென்றன. அவ்வெள்ளி நாணயம் ஆசியத் துறைமுகங்கள் பலவற்றில் பொதுச் செலாவணியாக ஏற்கப்பட்டது என்பதை வங்கித்துறையினராகிய நாம் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அக்கப்பல்களில் பயணம் செய்த பழங்களுள் மாம்பழமும் ஒன்று. மெக்சிகோவில் இன்றும் ‘மணிலா’ என்ற பெயரில் ஒரு மாம்பழ வகை விற்கப்படுகிறது.

சமோயும் அவ்வழியே வந்திருக்கலாம் என்பது உணவு வரலாற்றாளர் சிலரின் கருத்து. உப்பிலிட்டு உலர்த்திய பிளம் பழத்தைச் சீனர் பல நூற்றாண்டுகளாக உண்டு வருகின்றனர். சமோய் என்ற சொல்லே அதன் சீனப் பெயரின் திரிபு என்பர். ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள் தம் நாட்டு உப்புப் பிளமுக்கு மாற்றாக ஆப்ரிகாட்டைப் பயன்படுத்தியதே தொடக்கம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் ஆசியாவின் உப்புப் பழமும் மெக்சிகோவின் மிளகாயும் கூடிப் பிறந்தது சமோய் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

எதிர்த்திசையில் வந்தது மிளகாய். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே அது நம் நாட்டை அடைந்தது. அதுவரை காரத்துக்கு மிளகையே நம்பியிருந்த தமிழர், புதிய காயை மிளகு போன்ற காய் என்ற பொருளில் ‘மிளகாய்’ என்று வழங்கினர். ஆகவே நாம் புளியும் மாங்காயும் கொடுத்து மிளகாய் வாங்கிக்கொண்டோம் என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது.

நாக்கில் நடப்பது என்ன?

இனிப்பு, புளிப்பு, உப்பு ஆகிய மூன்றும் நாவின் சுவை அரும்புகள் உணர்பவை. காரம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், உடலில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சுடாத பொருளைத் தின்றும் சுட்டதாக மூளை எண்ணுவது இதனால்தான். அந்த உணர்வியை 1997-ஆம் ஆண்டு கண்டறிந்த அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்கிறது. உப்பு கசப்பை அடக்கிப் பழத்தின் இனிப்பை எடுத்துக் காட்டுகிறது. சர்க்கரை காரத்தின் எரிச்சலைத் தணிக்கிறது. எரிச்சல் தணிந்ததும் நாக்கு அடுத்ததைக் கேட்கிறது. ஒன்றோடு நிறுத்த முடியாமைக்கு இதுவே விளக்கம். அளவு பற்றிய எச்சரிக்கையும் இதிலேயே அடங்கியுள்ளது.

ஒரு பாட்டியின் கைப்பக்குவம்

தஹீன் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் ஹொராசியோ ஃபெர்னாண்டெஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. தம் பாட்டி வீட்டில் செய்த காரச்சாற்றின் சுவையை எளிதில் கெடாத தூளாக மாற்றுவது அவர் நோக்கம். வெராக்ரூஸ் மாநிலத்தில் உள்ள எல் தஹீன் என்னும் தொல்நகரின் பெயரை அவர் தம் பொருளுக்குச் சூட்டினார். 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கிற்று. குழந்தைகள் தூளை உள்ளங்கையில் கொட்டி நக்குவது வழக்கமாகிவிட்டதால், ‘இது மிட்டாய் அன்று’ என்ற அறிவிப்பைப் புட்டியிலேயே அச்சிட வேண்டியதாயிற்று. வீட்டுச் சமையலறையில் பிறந்த ஒரு பக்குவம், மாறாத தரத்தாலும் நினைவில் நிற்கும் பெயராலும் கடல் கடந்தது என்பது, ஊறுகாயும் பொடியும் செய்து விற்கும் நம் வாடிக்கையாளர் பலருக்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

கழுவாத மிளகாயின் விலை

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வெளியாகும் நாளிதழ் ஒன்று, மெக்சிகோவிலிருந்து வந்த புளிமிட்டாய்களிலும் மிளகாய் மிட்டாய்களிலும் ஈயம் கலந்திருப்பதை விரிவாக வெளிக்கொணர்ந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குலைப்பது. தீங்கற்றது என்று கொள்ளத்தக்க அளவு ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மிட்டாயில் ஈயம் எப்படி வந்தது? எவரும் திட்டமிட்டுக் கலக்கவில்லை. தரையில் பரப்பி உலர்த்திய மிளகாய் கழுவப்படாமல், ஒட்டிய மண்ணோடும் தூசியோடும் அரைக்கப்பட்டது. மேலுறைகள் சிலவற்றின் அச்சுமையில் ஈயம் இருந்தது. புளிமிட்டாயை அடைத்து விற்ற சிறு மண்கலங்கள் சிலவற்றின் பளபளப்புப் பூச்சு ஈயத்தால் ஆனது. புளியின் அமிலம் அந்த ஈயத்தைக் கரைத்து மிட்டாயில் சேர்த்தது. புளியைப் பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் வைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியோர் எச்சரித்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். அந்தப் பூச்சு வெள்ளீயம். இங்கே நாம் சொல்வது நச்சுத்தன்மை மிக்க காரீயம். ஆனால் புளி உலோகத்தைக் கரைக்கும் என்ற அறிவு இரண்டுக்கும் பொதுவானது.

இதன் விளைவாக வழக்குகள் தொடுக்கப்பட்டன. கலிஃபோர்னியாவில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மிட்டாயில் இருக்கத்தக்க ஈயத்தின் வரம்பைப் பத்து லட்சத்தில் 0.5 பங்கிலிருந்து 0.1 பங்காகக் குறைத்தது. பெரிய தயாரிப்பாளர்கள் மிளகாயைக் கழுவுவதற்கும் ஆலைகளைத் தணிக்கைக்கு உட்படுத்துவதற்கும் உடன்பட்டனர். மிளகாயைக் கழுவி உலர்த்த ஆகும் செலவு சிறியது. அதைத் தவிர்த்ததால் இழந்த நம்பிக்கையை மீட்கும் செலவோ மிகப் பெரியது. எந்தக் கணக்கேட்டிலும் தனித்தலைப்பில் எழுதப்படாத செலவு அது.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

மெக்சிகோவில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், சர்க்கரையோ உப்போ மிகுந்த பொட்டல உணவுகளின் முன்புறத்தில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரை இடுவது கட்டாயமாகியுள்ளது. ‘மிகை சர்க்கரை’, ‘மிகை சோடியம்’ என்ற முத்திரைகளை நாம் பேசும் மிட்டாய்களில் காணலாம். 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் இத்தகைய பண்டங்களின் விற்பனையும் தடைசெய்யப்பட்டது.

ஒரு கிராம் தஹீன் தூளில், அதாவது கால் தேக்கரண்டியில், சுமார் 190 மில்லிகிராம் சோடியம் உள்ளது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கால் தேக்கரண்டியிலேயே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். கடைகளில் கிடைக்கும் சமோய் பலவற்றில் பழத்தைவிடச் சர்க்கரையும் நிறமியும் மிகுதி என்பதால், நீரிழிவு உள்ளோரும் சேர்மானப் பட்டியலைப் படித்த பின்னரே வாங்குதல் நலம்.

வீட்டிலேயே செய்யலாம்

உலர்ந்த ஆப்ரிகாட் அல்லது நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஆல்பக்கோடா பழம் 100 கிராம் எடுத்து, விதை நீக்கி நன்கு கழுவவும். இரண்டு குவளை நீர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்த்து, பழம் குழையும் வரை இருபது நிமிடம் சிறுதீயில் கொதிக்க விடவும். ஆறியதும் அரைத்து, இரண்டு எலுமிச்சையின் சாற்றைக் கலக்கவும். கண்ணாடிப் புட்டியில் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தவும். கொய்யா, வெள்ளரி, அன்னாசி ஆகியவற்றின்மேல் சிறிது ஊற்றினால் போதும்.

நிறைவாக

நமது வாடிக்கையாளரின் கேள்விக்கு வருவோம். பேத்திக்குக் கொடுக்கலாமா? பெயரும் முகவரியும் சேர்மானப் பட்டியலும் தெளிவாக அச்சிட்ட பொட்டலத்திலிருந்து எப்போதாவது ஒன்று கொடுக்கலாம்; நாள்தோறும் வேண்டாம். பெயரற்ற பொட்டலத்திலோ மினுக்கும் மண்கலத்திலோ வருவதைத் தவிர்த்துவிடலாம். பேத்தி ஊருக்கு வரும்போது, மாங்காயைக் கீற்றுகளாக நறுக்கி, வீட்டில் கழுவி உலர்த்தி அரைத்த மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கொடுங்கள் என்று அவரிடம் கூறினோம். அந்தச் சுவை அவளுக்குப் புதிதாக இராது.

உணவுத் தொழில் செய்யும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சொல். கடனுக்கான திட்ட அறிக்கையில் இயந்திரத்தின் விலையும் மூலப்பொருளின் விலையும் தவறாமல் இடம்பெறுகின்றன. கழுவும் தொட்டி, உலர்த்தும் மேடை, ஆய்வகச் சோதனை ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அவற்றையும் சேர்த்து எழுதிக் கொண்டு வாருங்கள். கிளையில் அமர்ந்து பேசுவோம்.