சங்கரநயினார் சந்நிதியிலிருந்து சாந்தி ஸ்தூபிக்கு…
ஒரு நாள் யாத்திரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் புளியங்குடி. ஆடித்தபசு வந்துவிட்டால் இவ்வூரார் குடும்பம் குடும்பமாகச் சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அந்தச் சங்கரன்கோவிலுக்கு அருகே, வீரிருப்பு கிராமத்தில், ஜப்பானிய பௌத்தத் துறவியர் அமைத்த உலக அமைதிக் கோபுரம் ஒன்று உள்ளது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்ட இந்த வெண்ணிற ஸ்தூபியைப் பற்றிக் கேள்விப்பட்டும், செல்லத் தயங்குவோர் உண்டு. “சிவனைக் கும்பிட்ட கையோடு புத்தர் கோயிலுக்குப் போகலாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதே காரணம்.

அக்கேள்விக்கான விடை சங்கரன்கோவில் தலவரலாற்றிலேயே இருக்கிறது. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவபெருமான் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடினர். முடிவு காண இயலாமல் அன்னையிடம் முறையிட்டனர். அன்னை கோமதி தவமிருக்க, ஆடி மாதத்து உத்திராட நாளில் இறைவன் ஒருபாதி சிவனாகவும் மறுபாதி திருமாலாகவும் காட்சி தந்தருளினார். ‘எவர் பெரியவர்?’ என்ற வழக்கு தீர்ந்த தலம் இது. இங்கே வணங்கிவிட்டுப் புறப்படுபவர் மனத்தில் அந்த வழக்கு மீண்டும் எழலாமா?

ஸ்தூபி எழுந்த வரலாறு

வீரிருப்பு ஸ்தூபியை அமைத்தது, நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியத் துறவியர் சங்கம். இதனை நிறுவிய நிச்சிதாட்சு ஃபூஜி (1885–1985), 1933ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்தார். ‘ஃபூஜி குருஜி’ என்று அன்புடன் அழைக்கப்பட்டார். கைமுரசு கொட்டி அவருடைய துறவியர் ஓதிய மந்திரம், காந்தியடிகளின் ஆசிரம வழிபாட்டிலும் இடம்பெற்றது.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டுகளால் அழிந்தன. போருக்குப் பின் ஃபூஜி குருஜி, உலகெங்கும் அமைதிக் கோபுரங்கள் எழுப்புவதைத் தம் வாழ்நாள் பணியாக மேற்கொண்டார். ஜப்பானின் குமமோட்டோவில் 1954இல் ஒன்று எழுந்தது. பீகாரின் ராஜகிருஹத்தில் 1969இலும், கலிங்கப் போர் நடந்ததாகக் கருதப்படும் ஒடிசாவின் தௌலியில் 1972இலும் அமைந்தன. ராஜகிருஹத்துக் கோபுரம் ரத்னகிரிக் குன்றின் உச்சியில் உள்ளது. அதனருகே இருப்பது, புத்தர் உபதேசித்த ‘கிருத்ரகூடம்’. கழுகுக் குன்று என்பது அதன் பொருள். நம் பக்கத்துக் கழுகுமலை உங்கள் நினைவுக்கு வரக்கூடும்.

பௌத்தத்தின் புனித மலை நமக்கும் அருகிலேயே உண்டு. கருணையே வடிவான அவலோகிதர் தென்திசையில் ‘பொதலகம்’ என்னும் மலையில் உறைவதாக பௌத்த நூல்கள் கூறும். அது நம் பொதிகையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. திபெத்தின் லாசா நகரிலுள்ள பொத்தாலா அரண்மனை, அந்த மலையின் பெயரையே தாங்கி நிற்கிறது. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று, 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய ‘வீரசோழியம்’ சொல்கிறது. நாம் அகத்தியர் மலையென வணங்கும் பொதிகையை, வேறொரு மரபும் வணங்கியிருக்கிறது.

யாத்திரை முறை

புளியங்குடியிலிருந்து அதிகாலையில் நீராடிப் புறப்படுங்கள். வெளியூர் அன்பர்கள் விருதுநகர்–தென்காசி ரயில் பாதையிலுள்ள சங்கரன்கோவில் நிலையத்தில் இறங்கலாம். சங்கரலிங்க சுவாமி, சங்கரநாராயணர், கோமதி அம்மன் ஆகிய மூன்று சந்நிதிகளிலும் நிதானமாகத் தரிசனம் செய்து, புற்றுமண் பிரசாதம் பெற்றுக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துவிட வேண்டும். கட்டிச்சென்ற புளியோதரையை உண்டு, வெயில் தணியும்வரை முதியோரும் குழந்தைகளும் இளைப்பாறட்டும்.

பிற்பகலில் வீரிருப்புக்குச் செல்லுங்கள். நுழைவு நேரத்தையும் வழிபாட்டு நேரத்தையும் முன்னதாகவே கேட்டறிந்து செல்வது நல்லது. அது துறவியர் வாழ்ந்து வழிபடும் இடம் என்பதை மறவாதீர்கள். காலணியைக் கழற்றிவிட்டு, நம் கோயில்களில் போலவே வலமாகச் சுற்றி வாருங்கள். மலரும் ஊதுவத்தியும் கனிகளும் காணிக்கையாகப் போதும். தேங்காய் உடைப்பதும் அர்ச்சனைச் சீட்டுக் கேட்பதும் அங்கு வழக்கமில்லை. துறவியரைப் படமெடுக்கும் முன் அவர்களின் அனுமதியைப் பெறுங்கள். வழிபாடு நடந்தால் அமைதியாக அமர்ந்து கேளுங்கள். அவர்கள் ஓதும் மந்திரம், ‘தாமரைச் சூத்திரம்’ எனும் நூலுக்குச் செலுத்தும் வணக்கம். திருமகளும் கலைமகளும் வீற்றிருக்கும் தாமரை அங்கும் புனிதமாகப் போற்றப்படுகிறது.

இருட்டுமுன் ஊர் திரும்பிவிடலாம். மேற்கு மலைத்தொடரின் பின்னே கதிரவன் மறையும் காட்சி வழித்துணையாக வரும்.

புறப்படும் முன் ஒன்று செய்யுங்கள். அற்பக் காரணத்துக்காகப் பேச்சு நின்றுபோன உறவு ஒன்றேனும் இல்லாத குடும்பம் அரிது. அண்ணன் தம்பியாக இருக்கலாம், சம்பந்தி வீடாக இருக்கலாம். ஸ்தூபியை வலம் வரும்போது அவர்களின் பெயரை மனத்தில் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். இரு நகரங்கள் சாம்பலான துயரிலிருந்தும் பகையை வளர்க்காமல் கோபுரம் எழுப்பியவர்களின் இடம் அது. சங்கனும் பதுமனும் வழக்கை விட்டு ஒன்றாகத் தொழுத இடத்திலிருந்துதான் நாமும் அங்கே வந்திருக்கிறோம்.

வீடு திரும்பியதும் அந்த உறவின் வாசலுக்குச் சென்று, சங்கரன்கோவில் புற்றுமண்ணில் ஒரு சிட்டிகையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். யாத்திரை அங்கேதான் நிறைவுறும்.