கைப்பிடி நாடாவுக்கு எந்த நிறம்?

உங்கள் சைக்கிள் பச்சை நிறம். கைப்பிடிக்குப் புது நாடா சுற்ற வேண்டும். எந்த நிறம் எடுப்பாக இருக்கும்? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்கள் கண்ணையே கேட்டுப் பாருங்களேன்!

பச்சைத் தாள் ஒன்றை நல்ல வெளிச்சத்தில் அரை நிமிடம் உற்று நோக்குங்கள். உடனே வெள்ளைத் தாளைப் பாருங்கள். இளஞ்சிவப்பு உருவம் ஒன்று தெரிகிறதல்லவா? விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. பச்சையை மிகுதியாக உணர்பவை சற்றே களைத்துவிட்டதால், வெள்ளொளியின் மற்ற நிறங்கள் மேலோங்குகின்றன. இப்படித் தோன்றுவதே பச்சையின் நிரப்பு நிறம்.

நிரப்பு நிறங்கள் அருகருகே இருந்தால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் கருப்புச் சாயம் சரியில்லை என்று புகார் எழுந்தது. அங்கே சாயப் பிரிவை நடத்திய வேதியியலார் ஷெவ்ரல் ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை. பக்கத்து நூலின் நிறமே காரணம்! இதை விளக்கி 1839-இல் நூல் வெளியிட்டார்.

எனவே பச்சைச் சட்டத்தில் சிவப்பு நாடா பளிச்சிடும். ஆனால் அளவோடு இருக்கட்டும்: கைப்பிடியிலும் பிரேக் கம்பி உறையிலும் போதும். அடக்கமான தோற்றம் வேண்டுமானால் கருப்போ பழுப்போ சுற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அந்தி மங்கியதும் அதே சிவப்பு கருத்துவிடும். பச்சை சற்று வெளிறித் தெரியும். மங்கிய ஒளியில் பணிபுரியும் கோல் செல்களுக்குச் சிவப்பொளி அநேகமாகப் புலப்படாது. லாரி ஓட்டுநரின் கண்ணுக்கும் இதே விதிதான். ஆகவே இரவில் நாடாவை நம்பாதீர்கள். முன்னால் விளக்கு எரியட்டும். பின்னால், வரும் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் பிரதிபலிப்பான் இருக்கட்டும்.

அழகு பகலுக்கு, ஒளி இரவுக்கு!