ரசத்தில் உப்பு, விதையில் சோராலென்

முகச் சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலுக்கு மாற்று, செடியிலிருந்து எடுத்தது, பக்கவிளைவே கிடையாது என்று பாகுச்சியால் சீரம்களை விற்கிறார்கள். செடி நமக்குப் புதிதல்ல. நலங்கு மாவுக்குப் பூலாங்கிழங்கோடும் ஆவாரம்பூவோடும் நாட்டு மருந்துக் கடையில் கட்டித் தருகிற கார்போகரிசிதான் அது. அப்படியானால் அதையே அரைத்து, எண்ணெயில் காய்ச்சிப் பூசிக்கொண்டால் போதாதா?

ரசத்தை வடிகட்டினால் மல்லித் திப்பி நிற்கும், உப்பு நிற்காது. கரைந்துவிட்டதே! கார்போகரிசியிலும் இதே கதை. பாகுச்சியாலோடு சோராலென் என்ற இன்னொரு பொருளும் அதில் உண்டு. துணியில் வடித்தால் சக்கை போகும். இவை இரண்டும் பிரியாது.

சோராலென் இருட்டில் சாது. வெயிலிலுள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் செல்லின் டி.என்.ஏ.வோடு பின்னிக்கொள்ளும். தோல் சிவக்கும், எரியும், கொப்புளம்கூடப் போடும். அது உச்சத்துக்குப் போக இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்பதால் முந்தாநாள் தேய்த்த மாவின்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. இதே குணத்தைத்தான் மருத்துவர்கள் அளந்த கதிரோடு சேர்த்து வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ வெயில் தடுப்புக் க்ரீம்களில் இந்த வகைப் பொருள்கள் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழேதான் இருக்கலாம் என்கிறது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது உப்பு எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை. சோராலென் நீக்கிச் சுத்தம் செய்த பாகுச்சியால் வேறு. லேபிளில் வெறுமனே ‘விதைச் சாறு’ என்று போட்டது வேறு.

பலன்? 2019இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 44 பேர், 12 வாரம், பாகுச்சியால், ரெட்டினால் இரண்டு க்ரீமும் 0.5 சதவீதம். சுருக்கமும் கருமையும் இரண்டிலுமே குறைந்தன. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம். ஆனால் பாகுச்சியாலைத் தினம் இருமுறை பூசினார்கள், ரெட்டினாலை ஒருமுறை. ஒரு ரசத்தில் இரண்டு கரண்டி, இன்னொன்றில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, ருசி ஒன்றுதான் என்பதா? பந்தியும் சின்னது. கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது என்ற விளம்பரத்துக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

சுத்தமான பாகுச்சியாலும் சிலருக்கு ஒவ்வாமை தந்திருக்கிறது. ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதுபோல, சீரத்தை முழங்கை மடிப்பின் உட்பக்கம் காலையும் இரவும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால், முகம்வரை கொண்டுபோக வேண்டாம்.