வண்டியோடு வந்த ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே நல்ல இசை

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் புதுக் கார் வாங்கிச் சில மாதங்களே ஆகின்றன. பாட்டு சரியாக இல்லையென்று ஒரு கடையில் ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர்களும் வைத்துக்கொண்டாராம். குடும்பத்தோடு ராம்டேக் போய்வரும் வழியில் ரப்பர் கருகும் வாடை வந்திருக்கிறது. பானெட்டைத் திறந்தால் புகை! நல்ல வேளையாக ஸ்பானர் கையில் இருந்ததால் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார். "சார், நீங்கள் ரயில்வேயில் எலெக்ட்ரிக்கல் பார்த்தவராயிற்றே, ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளை, எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளை போட்டு இழுத்திருந்தார்கள். துளையில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு கேபிளின் உறையை அறுத்துவிட்டது. பாட்டரி அருகே ஃப்யூஸும் இல்லை. இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ? அந்த எண்ணத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறிப் பிரிவில் கழித்தவன். என் காரின் ஸ்பீக்கர்களை நானே மாற்றிக்கொண்டேன். அந்த அனுபவத்தைத்தான் சொல்கிறேன்.

பழைய செட்டை ஏன் கழற்றக்கூடாது?

முன்பெல்லாம் கார் ஸ்டீரியோ என்றால் ஒரு பெட்டி. இழுத்து எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். இப்போது வரும் பல வண்டிகளில் ரிவர்ஸ் காமிரா, ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்கள், வண்டியின் சில அமைப்புகள் எல்லாம் அந்தத் திரையோடு பிணைந்திருக்கின்றன. அதை மாற்றினால் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போகும். கம்பிகளை வெட்டினால் வாரண்டித் தகராறும் வரும். ஆகவே செட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதற்குப் பின்னால் வருபவற்றைத் திருத்தினால் போதும்.

காசில்லாத முதல் படி

கடைக்குப் போகுமுன் செட்டிலுள்ள பாஸ், டிரெபிள் அளவுகளை நடுவில் வையுங்கள். ஃபேடரைச் சற்று முன்பக்கம் தள்ளுங்கள். கச்சேரியில் வித்வான் நம் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்! போனில் சிறிய அளவுக்குச் சுருக்கப்பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். நல்ல பதிவை யு.எஸ்.பி.யில் போட்டுக் கேளுங்கள். சிலருக்கு இதுவே போதுமானதாக இருக்கும்.

வாட் கணக்கு

பெட்டியின்மேல் "4 x 50 வாட்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் சுமார் 52 வருகிறதல்லவா? அந்த 50 வாட் கிடைக்க வேண்டுமானால் ஒலி அலை சதுரமாக வெட்டுப்பட்டு வரவேண்டும். அது இசையல்ல, இரைச்சல். ஒழுங்கான அலைக்கு அதில் பாதி, 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்புகளும் போனால், நிஜத்தில் கிடைப்பது 15 முதல் 20 வாட்தான்.

இதற்காக உடனே ஆம்ப்ளிஃபயர் வாங்க ஓட வேண்டாம். ஸ்பீக்கர் அட்டையில் "சென்சிடிவிடி" என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதே அது. 3 டெசிபல் கூடினால், வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 87 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால், அதே 15 வாட் 30 வாட்டின் வேலையைச் செய்யும். ஆகவே முதல் செலவு முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு. ட்வீட்டர் தனியாக உள்ள ஜோடியானால் குரலும் வயலினும் தெளிவாக இருக்கும். பழைய ஸ்பீக்கரின் ஓம் அளவைப் பார்த்து, அதற்குக் குறையாததாக வாங்குங்கள். மீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் அளவில் காட்டும், அது கோளாறல்ல. கம்பியை வெட்டாமல், வண்டிக்கேற்ற இணைப்பு சாக்கெட் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுத்தால் பாஸ் காணாமல் போய்விடும். ஸ்பீக்கரைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, சாதாரண 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

அடுத்தது கதவு. ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. தகடு அதிர்ந்தால் மிருதங்கம் தகர டப்பாவாகிவிடும். அதிர்வை அடக்கும் ஷீட்டை உள்பக்கம் ஒட்ட வேண்டும். தார் கலந்த மலிவான ஷீட் நம் நாக்பூர் வெயிலில் இளகி நாறும். பியூட்டைல் ரப்பர் ஷீட்டாகக் கேளுங்கள். கதவின் அடியிலுள்ள மழைநீர்த் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால்

இவ்வளவுக்கும் பிறகு போதவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயர். "ஹை லெவல் இன்புட்" உள்ளதாக வாங்கினால், பழைய செட்டின் ஸ்பீக்கர் கம்பிகளிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும். சில செட்டுகளில் சத்தத்தைக் கூட்டும்போது பாஸ் தானாகக் குறையும்படி கம்பெனியே அமைத்திருக்கும். அப்படியானால் டி.எஸ்.பி. உள்ள ஆம்ப்ளிஃபயரால் ஓரளவு சரிசெய்யலாம். அதிலுள்ள "கெயின்" திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கல்ல. செட்டின் அளவோடு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கு. பாட்டு கரகரக்கும் இடத்துக்குக் கீழேயே அதை நிறுத்திவிட வேண்டும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ரயில் பெட்டியில் 110 வோல்ட் டி.சி. இரண்டு கம்பிகளில் போகும். இரண்டுமே பெட்டியின் உடலைத் தொடக்கூடாது. தொட்டால் "எர்த் லீக்கேஜ்" என்று குறித்து, இடத்தைத் தேடிப் பிடிப்போம். காரில் அப்படியில்லை. உடல் முழுவதுமே நெகட்டிவ். பாட்டரியின் பிளஸ் கம்பி எங்கே தகட்டைத் தொட்டாலும் நேரடி ஷார்ட்தான்.

ஆகவே, பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். அது ஆம்ப்ளிஃபயருக்கு. நடுவழியில் கேபிள் அறுந்தால் அதைக் காப்பது பாட்டரி அருகிலுள்ள ஃப்யூஸ் மட்டுமே. நான்கு சானலுக்கு 50 வாட் வீதம் 200 வாட். இழப்பையும் சேர்த்துச் சுமார் 250 வாட். 14-ஆல் வகுத்தால் 18 ஆம்பியர். இதற்கு 8 கேஜ் செம்புக் கேபிளும் 25 அல்லது 30 ஆம்பியர் ஃப்யூஸும் பொருந்தும். கேபிளை வெட்டிப் பாருங்கள். இழையின் உட்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாம். தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். எர்த் கம்பியைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில், குட்டையாக, இறுக்கமாகப் பூட்டுங்கள். அது சரியில்லையென்றால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் வரும். பவர் கேபிள் வண்டியின் ஒரு பக்கமாகவும், ஒலிக் கம்பி மறுபக்கமாகவும் போகட்டும்.

இதில் ஒரு விலக்கும் உண்டு. பழைய செட்டிலிருந்து வரும் ஸ்பீக்கர் கம்பிகளில் மைனஸ் என்று எழுதியிருப்பதும் எர்த் அல்ல. இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு. அதை உடலோடு இணைத்தால் செட்டிலுள்ள ஐ.சி. போய்விடும். மஞ்சள் நிற சாக்கெட் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் அது ஏர்பேக் கம்பி. எந்த வேலைக்கும் முன்னால் பாட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

காதும் ஒரு கருவிதான்

85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. டீசல் எஞ்சின்களுக்கு அருகே நின்று வேலை பார்த்த என் நண்பர்கள் சிலர் இன்று பேரன் பேசுவது கேட்காமல் தவிக்கிறார்கள். நல்ல ஸ்பீக்கரின் பலன் சத்தம் கூடுவதல்ல, குறைந்த சத்தத்திலும் தெளிவாகக் கேட்பது.

என் மனைவிக்குக் காது சற்று மந்தம். முன்பெல்லாம் காரில் ஏறினால் "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்பாள். எனக்குத் தலைவலி வரும். நான் முன் ஸ்பீக்கர்களை மாற்றிக் கதவுக்கு ஷீட் ஒட்டியதோடு நிறுத்திக்கொண்டேன், ஆம்ப்ளிஃபயர் தேவைப்படவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போகும் வழியில் பாதிப் பாட்டு ஓடியபின், "வார்த்தையெல்லாம் புரியுதுங்க. கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றாள்.

அந்த அன்பரின் வண்டிக்குப் புதுக் கேபிளும் ஃப்யூஸும் ரப்பர் வளையமும் போட்டாகிவிட்டது. மற்ற அன்பர்களும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வண்டியைக் கொண்டுவந்தால், பானெட்டைத் திறந்து பாட்டரி அருகே ஃப்யூஸ் இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.