விலாவலி எல்லாம் கல் அல்ல

விலாவில் சுரீரென்று வலித்தால் நாம் கல் என்று முடிவு செய்து, வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பார்க்கிறோம். பல நேரம் அது கல்தான். ஆனால் சில குடும்பங்களில் அதே வலி, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

தோல், மூட்டு, இரத்தக் குழாய் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிப்பது இணைப்புத் திசு. மரபணுக் குறையால் அது பிறவியிலேயே பலவீனமாக அமைவதுண்டு. மார்ஃபான் நோயில் உயரமான உடலும் நீண்ட விரல்களும் இருக்கும். இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி வீங்கக்கூடும். எலர்ஸ்-டான்லோஸ் நோயின் ஒரு வகையில் தோல் மெலிந்து நரம்புகள் தெரியும். இலேசான அடிக்கே கன்றிப்போகும். இரத்தக் குழாய்களும் அப்படியே மெலிந்திருக்கும்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் சுவருக்குள் புகுந்து பாதையை அடைக்கும். இரத்தம் கிடைக்காத பகுதி செயலிழக்கும். பட்டினி கிடக்கும் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏறிய அழுத்தம் மற்றக் குழாய்களுக்கும் ஆபத்தாகும்.

கல்லுக்காக எடுக்கும் சாதாரண ஸ்கேனில் இந்தக் கிழிசல் தெரியாமல் போகலாம், சி.டி. ஆஞ்சியோகிராம் தேவைப்படும். குடும்ப வரலாறு தெரிந்தால்தான் மருத்துவருக்கு அது தோன்றும்.

அந்த வரலாற்றைத்தான் நாம் மறைக்கிறோம். சம்பந்தம் அமையாதே என்ற பயம். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. "அத்தா இளவயதில் மாரடைப்பில் மவுத்தானார்" என்கிறோம்; அது மகாதமனி கிழிந்த மரணமாகவும் இருந்திருக்கலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

சந்தேகம் இருந்தால் எக்கோ பரிசோதனை செய்யுங்கள். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். பெரும் பாரம் தூக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இந்நோயாளிகளுக்கு அவை மகாதமனி கிழியும் அபாயத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. கர்ப்பமானால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உதவி கேட்டு வருவோர் சொல்லும் எதையும் நாங்கள் வெளியில் சொல்வதில்லை. எங்களிடம் சொல்லத் தயங்கினாலும், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.