காதுக்குப் பின்னால் கரண்ட் வைத்தால் ஞாபகசக்தி கூடுமா?

தலைசுற்றல் நோயாளிகளைப் பார்ப்பதே என் வேலை. சில காலமாக இரண்டு விதமானவர்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டும் பெற்றோர் ஒரு பக்கம். மாதக்கணக்கில் கிறுகிறுப்போடு மறதியும் சேர்ந்துகொண்ட பெரியவர்கள் இன்னொரு பக்கம். "காதுக்குப் பின்னாடி லேசா கரண்ட் கொடுத்தா ஞாபகசக்தி கூடுமாமே டாக்டர், அந்த மெஷினை வாங்கிடலாமா?" முதல் கூட்டம் அவசரப்படுகிறது. இரண்டாம் கூட்டம் ரொம்பத் தாமதமாக வருகிறது.

இந்தப் பேச்சு முழுக்கப் புரளி கிடையாது. அதனால்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வில் நடந்தது என்ன?

2008-ல் பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வில்கின்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு, முன்பின் பார்த்திராத எட்டு முகங்களையும் அவற்றின் பெயர்களையும் கற்றுக்கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த முகங்கள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன என்று மனத்திலிருந்தே சொல்லச் சொன்னார்கள். இடது காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் மேல், தோலுக்கு உறைக்காத அளவு மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது பதில் சீக்கிரம் வந்தது.

வீடியோக்காரர்கள் விட்டுவிடும் இடம் இதுதான்: விடை சீக்கிரம் வந்தது, அவ்வளவே. முன்பு தெரியாத விடை ஒன்றும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை. எட்டு முகங்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வேதியியல் பாடப் புத்தகத்துக்கு எப்படித் தாவுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காதுக்கும் மறதிக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது. 2005-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தாமஸ் பிராண்ட் குழுவினர், உடம்பைத் தடுமாறாமல் நிறுத்தும் சமநிலை நரம்பு இரண்டு காதிலும் வேலை செய்யாத 10 பேரை ஆராய்ந்தார்கள். மூளையில் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி, மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குச் சுமார் 17 சதவீதம் சுருங்கியிருந்தது. கணினித் திரையில் மறைந்திருக்கும் ஓர் இடத்தைத் தேடிப் போகச் சொன்னால் தடுமாறினார்கள். ஆனால் பொதுவான நினைவாற்றல் சோதனைகளில் அவர்களிடம் குறை தெரியவில்லை.

காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலைச் செய்தி வற்றினால் முதலில் அடிபடுவது வழி, திசை, இடம் பற்றிய நினைவு. பழகிய தெருவிலேயே திகைத்து நிற்பது, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடுவது போன்றவை. இந்தத் தொடர்பை வைத்துத்தான், அதே நரம்பைக் காதுக்குப் பின்னாலிருந்து மின்சாரத்தால் மெதுவாகத் தூண்டிப் பார்த்தால் என்ன என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. மறதிக்கு மருந்துச்சீட்டில் எழுதித்தரும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

நம்பிக்கைகளும் நடப்பும்

"ஒன்பது வோல்ட் பேட்டரிதானே, என்ன ஆகிவிடும்?" தோல் வெந்துபோகும். ஆய்வுக்கூடக் கருவி பெரும்பாலும் ஓரிரு மில்லிஆம்பியருக்குள் மின்னோட்டத்தை ஒரே நிலையில் பிடித்து வைத்திருக்கும். பேட்டரியும் ஒயரும் அப்படிச் செய்யாது. வியர்வை பட்டுத் தோல் ஈரமானாலே மின்னோட்டம் ஏறிவிடும். நரம்பு அதிகமாகத் தூண்டப்பட்டால் உடம்பு ஒரு பக்கம் சாயும், குமட்டும், கண் ஆடும். தலையில் தாங்களே மின்சாரம் செலுத்திக்கொள்பவர்களை எச்சரித்து 2016-ல் நரம்பியல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். மின்சாரம் வைத்த இடத்தோடு நின்றுவிடாது, ஒரு திறன் கூடினால் இன்னொன்று குறையக்கூடும், ஒருவருக்குச் செய்த வேலையை அடுத்தவருக்கும் செய்யும் என்று சொல்ல முடியாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

"ஆன்லைனில் விற்கிறார்களே?" விற்பது ஆதாரம் ஆகாது. காதுக்குள் மெழுகுத்திரி வைப்பதற்கும்தான் பொருள் விற்கிறார்கள்.

மெஷினை விட்டுத் தலைசுற்றலைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு வருவோம். "தலைசுற்றல் என்றாலே பித்தம்." எலுமிச்சையும் இஞ்சியும் குடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு வருகிறார்கள். படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடிகள் உலகமே சுழல்கிறதா? பெரும்பாலும் உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிய கோளாறு அது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி அந்தத் துகளை அதன் இடத்துக்கே அனுப்பிவிடலாம். சில நிமிட வேலை. மாத்திரைகூட வேண்டாம்.

"காதில் எண்ணெய் காய்ச்சி விட்டால் அடங்கும்." செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் எந்தக் காதிலும் எதையும் ஊற்றக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அடுத்ததற்குத்தான். மெடிக்கலில் "தலைசுத்துற மாத்திரை" என்று கேட்டு வாங்கி, மாதக்கணக்கில் விழுங்குவது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் எல்லாம் சில நாட்களுக்கான மருந்துகள். நீண்ட நாள் சாப்பிட்டால், காதின் குறையை ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும் மூளையின் முயற்சியையே அவை மந்தமாக்கும். வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கம், மறதி, கை நடுக்கம், நடையில் தளர்ச்சி வரும். பார்க்கின்சன் நோயோ என்று சந்தேகப்படும் அளவுக்கு. அந்த மறதியைப் போக்கத்தான் கரண்ட் மெஷின் கேட்கிறார்கள்! தினமும் மூன்று வேளை சாப்பிடும் மாத்திரையே மறதியைக் கொண்டுவருகிறது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

யாருக்குக் கூடுதல் எச்சரிக்கை

இந்த மின்தூண்டல் ஆய்வுக்கு அழைத்தால்கூட, பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மண்டைக்குள் உலோகம் உள்ளவர்கள், காதுக்குப் பின்னால் புண் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது.

பரிசோதனை

தலைசுற்றலோடு வருபவர்களுக்கு நாங்கள் செய்வது இவைதான்: கண் அசைவைப் பார்ப்பது, கேட்கும் திறன் சோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன்.

கெஞ்சிக் கேட்கிறேன்

காய்ச்சலுக்கும் சளிக்கும் "ஊசி போட்டே ஆக வேண்டும்" என்று அடம்பிடிக்காதீர்கள். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகள் உயிர்காப்பவைதாம். ஆனால் அவை இரண்டு காதின் சமநிலை உறுப்பையும் ஒருசேர அழித்துவிடக் கூடியவை. போனால் பெரும்பாலும் திரும்பாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த ஊசிகளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தலைசுற்றல் வந்துபோன பிறகு வாரக்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள். எழுந்து நடங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடங்கள். நடக்கும்போது தலையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். முதலில் கிறுகிறுக்கும், அதற்குப் பயந்து நிறுத்தினால் மூளை கற்றுக்கொள்வதும் நின்றுவிடும். பெரியவர்களைத் தனியாக விடாமல் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

திடீரென்று தலைசுற்றி, கூடவே பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ காதைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மறதி என்று வரும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நீங்களாக வாங்கிய மாத்திரைகளை ஒளிக்காதீர்கள். மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பையைக் காட்டுங்கள்.